கடைசி பீரியட் கட்!

போன வாரம் ஒரு காலேஜ் வாசல் டீக்கடையில் மாட்டிக்கிட்டேன். மழை. குடை இல்லை. பக்கத்து பெஞ்சில் ஃபைனல் இயர் பசங்க நாலு பேர். 2023 செப்டம்பரில் ஆரம்பிச்ச மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயைப் பத்திப் பேச்சு சூடா ஓடிக்கிட்டு இருந்தது.

அதில் ஒருத்தன் (பேர் வேண்டாம், இதைப் படிச்சா அவனுக்கே தெரியும்) சொன்னான்: "சும்மா காசு குடுத்தா எல்லாரும் சோம்பேறி ஆயிடுவாங்கக்கா. போய் வேலை பாருங்கன்னு சொல்லணும்."

சரி, அது அவன் கருத்துன்னு விட்டுட்டேன். அடுத்த பஜ்ஜி வர்றதுக்குள்ள பேச்சு அவன் தெருவுக்குத் தாவிடுச்சு. எதிர் வீட்டுப் பையன் ஒருத்தன் தினமும் கடைசி பீரியட் கட் அடிச்சுட்டு ஓடிடுறானாம். ஸ்கூல்ல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டு அனுப்பிட்டாங்களாம். "அவங்கம்மா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிடுறாங்கக்கா. கேக்க ஆள் இல்ல. பையன் கெட்டுப் போயிட்டான்."

கவனிச்சீங்களா? அம்மா வீட்டில் இருந்தா சோம்பேறி. வேலைக்குப் போனா பிள்ளையைக் கெடுத்தவங்க. ஒரே வாய், ஒரே பஜ்ஜி, ரெண்டு தீர்ப்பு!

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்கா மாதிரி ஒரு பெரிய நாடே அறுபது வருஷமா இதே ரெண்டு தீர்ப்பையும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு இருந்தது. ஆனா ஒரு கட்டத்துல அவங்க வெறும் வாய்ச்சண்டையோட நிக்கல. நிஜ அம்மாக்கள், நிஜக் குழந்தைகளை வெச்சு, குலுக்கல் போட்டுச் சோதிச்சே பார்த்துட்டாங்க. அந்தக் கதைதான் இந்த வாரம். கடைசி பீரியட் பையனை மறந்துடாதீங்க, திரும்ப வருவான்.

அமெரிக்காவில் ஏழைத் தாய்மார்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்க ஆரம்பிச்சது 1935-ல். அப்போ அது முக்கியமா கணவனை இழந்தவர்களை மனசுல வெச்சுப் போட்ட திட்டம். அம்மா வேலைக்குப் போகாம வீட்டில் இருந்து பிள்ளையை வளர்க்கணும் என்பதுதான் அன்றைய நோக்கமே. அப்புறம் காலம் மாறிச்சு. உதவி வாங்குறவங்க பட்டியலும் மாறிச்சு. கணவனைப் பிரிஞ்சவங்க, கல்யாணமே ஆகாதவங்க, கறுப்பினப் பெண்கள் எல்லாரும் உள்ளே வந்தாங்க. உடனே ஊர்ப் பார்வையும் மாறிடுச்சு. 1976 தேர்தல் பிரசாரத்தில் ரொனால்ட் ரீகன், அரசாங்கத்தை ஏமாத்திக் காசு பார்க்கிற ஒரு பெண்ணைப் பத்தி ஊர் ஊராகக் கதை சொன்னார். 'வெல்ஃபேர் குயின்' என்ற பட்டம் நாடு முழுக்கப் பிரபலமாச்சு. டீக்கடைப் பேச்சுக்கு நாடு, மொழி எல்லாம் கிடையாது போலிருக்கு.

1996 ஆகஸ்ட் 22. அதிபர் பில் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பழைய திட்டம் காலி. புதுத் திட்டத்தில் வேலைக்குப் போறது கட்டாயம். மத்திய அரசுப் பணம் வாழ்நாளில் மொத்தமே 60 மாதம்தான். கிளின்டனின் சொந்தக் கட்சிக்காரரான செனட்டர் மொய்னிஹான், குழந்தைகள் தெருவுக்கு வந்துடும்னு சபையில் கத்தித் தீர்த்தார். சுகாதாரத் துறையில் பெரிய பதவியில் இருந்த பீட்டர் எடல்மன் எதிர்ப்புத் தெரிவித்து ராஜினாமாவே செய்தார். இன்னொரு பக்கமோ, அம்மா தினமும் காலையில் கிளம்பி வேலைக்குப் போறதைப் பார்த்தா பிள்ளைகளுக்கும் ஒழுங்கு வரும்னு அடிச்சுச் சொன்னாங்க.

ரெண்டு பக்கமும் குழந்தைகளைக் காட்டித்தான் சண்டை போட்டது. குழந்தைகளுக்கு நிஜமாவே என்ன ஆச்சு?

இங்கேதான் குலுக்கல் வருது. 1996-க்கு முன்னாடியே பல மாநிலங்கள் மத்திய அரசிடம் தனி அனுமதி வாங்கி, ஆளுக்கொரு மாதிரி புதுத் திட்டங்களை முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தன. அனுமதி கொடுத்தவங்க ஒரு கண்டிஷன் போட்டாங்க. ஒரு பகுதிப் பேரைப் புதுத் திட்டத்தில் சேர்க்கணும், மீதிப் பேர் பழையபடியே இருக்கணும், யார் எதில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி முடிவு செய்யணும். சில வருஷம் கழிச்சு ரெண்டு குழுவையும் ஒப்பிட்டா, வித்தியாசம் திட்டத்தால் வந்ததுன்னு தைரியமா சொல்லலாம். மருந்துக்கு டெஸ்ட் பண்ற மாதிரியேதான். ஒரு சில இடங்களில் பிள்ளைகளைப் பத்தியும் கேட்டாங்க. சண்டை போடுறானா, சொன்ன பேச்சைக் கேட்கிறாளா, கோபம் வந்தா என்ன பண்றாங்க, மத்த பிள்ளைகளோட ஒட்டுறாங்களா... இப்படி.

முதல்ல மின்னசோட்டா. 1994-ல் ஏழு மாவட்டங்களில் தொடங்கினாங்க. அதுக்கு முன்னாடி இருந்த விதி எவ்வளவு விசித்திரம்னு கேளுங்க. உதவித்தொகை வாங்குற ஒரு அம்மா வேலைக்குப் போனா, கொஞ்ச மாசத்துக்கு அப்புறம், சம்பாதிக்கிற ஒவ்வொரு டாலருக்கும் ஏறக்குறைய ஒரு டாலரை உதவியில் பிடிச்சுடுவாங்க. வேலைக்குப் போனாலும் அதே காசு, போகாட்டியும் அதே காசு. பஸ் சார்ஜ் மட்டும் நஷ்டம். இதுல யாரைச் சோம்பேறின்னு சொல்றது?

மின்னசோட்டா இதை மாத்திச்சு. நீ சம்பாதிக்கிற 100 டாலரில் 38 டாலரை நாங்க கணக்கிலேயே எடுக்க மாட்டோம், அது உன்னுடையது என்றது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் டே கேருக்கான பணத்தையும் நேரா அந்த டே கேருக்கே கட்டியது. இன்னொரு நல்ல காரியமும் செஞ்சாங்க. ஒரு குழுவுக்கு இந்தச் சலுகை மட்டும். இன்னொரு குழுவுக்குச் சலுகையோட வேலைக் கட்டாயமும் சேர்த்து. மூணாவது குழு பழைய திட்டத்திலேயே. அதாவது பிள்ளையிடம் மாற்றம் வந்தா, அது பணத்தால் வந்ததா, கட்டாயத்தால் வந்ததா என்று பிரிச்சுப் பார்க்கலாம்.

ரொம்ப நாளா உதவியில் இருந்த, நகரத்துத் தனித் தாய்மார்களின் வீடுகளில் மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தாங்க. பழைய திட்டத்தைவிடப் புதுத் திட்டத்தில் அதிகம் பேர் வேலைக்குப் போயிருந்தாங்க. கையில் காசு கூடியிருந்தது. அந்த வீடுகளின் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் அடம், அடிதடி, கீழ்ப்படியாமை எல்லாம் குறைஞ்சிருந்தது. படிப்பும் கொஞ்சம் மேலே. இதை அம்மாக்கள்தான் சொன்னாங்க என்பதையும் சொல்லிடுறேன். பெத்தவங்க பார்வை கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். ஆனா பழைய குழுவிலும் சொன்னது அம்மாக்கள்தானே?

முக்கியமானது என்னன்னா, பிள்ளைகளுக்குக் கிடைச்ச நன்மை முழுக்க அந்தச் சலுகைப் பணத்தோட வந்தது. மேலே கட்டாயத்தைச் சேர்த்தப்போ இன்னும் அதிகம் பேர் வேலைக்குப் போனாங்க, உண்மை. ஆனா வருமானம் பெருசா ஏறலை. பிள்ளைகளிடம் கூடுதல் முன்னேற்றமும் இல்லை. சலுகை மட்டும் கிடைச்ச அம்மாக்களில் பலர் பார்ட் டைம் வேலையா பார்த்துக்கிட்டாங்க. கொஞ்சம் சம்பளம், கொஞ்சம் உதவி, மாலையில் வீடு.

இன்னொரு எண் இருக்கு. அதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் பேப்பரைக் கீழே வெச்சுட்டேன். பழைய திட்டத்தில் இருந்த அம்மாக்களில் 100-க்கு 60 பேர் அந்த மூணு வருஷத்தில் தங்களைத் துணைவனோ வேறு யாரோ கொடுமைப்படுத்தியதாகச் சொன்னாங்க. புதுத் திட்டத்தில் அது 49. அதுவும் பயங்கரமான எண்தான். ஆனா நூத்துக்குப் பதினோரு பேர் குறைவு. கையில் சொந்தக் காசு இருந்தா கதவைத் திறந்து வெளியே போகலாம் இல்லையா? அந்தச் சத்தத்தைக் கேட்காம வளர்ற குழந்தை ஸ்கூலில் யாரை அடிக்கப் போகுது?

அடுத்தது மில்வாக்கி. விஸ்கான்சின் மாநிலத்து ஊர். அங்கே 'நியூ ஹோப்' என்ற திட்டம் நகரத்தின் ரெண்டு ஏழைப் பகுதிகளில் நடந்தது. விண்ணப்பிச்சவங்க 1,357 பேர், பாதிப் பேர் குலுக்கலில் உள்ளே. வாக்குறுதி ரொம்ப சிம்பிள். வாரம் 30 மணி நேரம் வேலை செய். உன் சம்பளம் வறுமைக்கோட்டைத் தாண்டுற அளவுக்கு நாங்க மேலே போட்டுத் தர்றோம். மருத்துவக் காப்பீடு தர்றோம். குழந்தையைப் பார்த்துக்க ஆகிற செலவில் பெரும்பகுதி எங்களது. வேலையே கிடைக்கலையா? சமூகப் பணியில் ஒரு வேலையையும் நாங்களே தர்றோம். மூணு வருஷத்துக்கு.

இங்கே ரிப்போர்ட் கொடுத்தது டீச்சர்கள். ரெண்டு வருஷத்தில், திட்டத்தில் இருந்த வீட்டுப் பையன்கள் வகுப்பில் அமைதியா இருந்தாங்க, தொல்லை குறைவு, படிப்பு மேல்.

பெண் பிள்ளைகள்? அங்கே அந்த மாதிரி தெளிவான நன்மை தெரியலை! நான் முதலில் இதைத் தப்பாப் படிச்சுட்டேனோன்னு நினைச்சேன். இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்கே குழப்பம். நல்லவேளையா, வெறும் பாரம் நிரப்பறதோட நிக்காம, 44 குடும்பங்களின் வீடுகளுக்கே ஆளுங்க போய்ப் பல வருஷம் உட்கார்ந்து பேசியிருந்தாங்க. அம்மாக்கள் சொன்ன பதில் இதுதான்: அந்தப் பகுதியில் பையன்களை இழுத்துக்கொள்ள கேங்குகள் காத்துக்கிட்டு இருந்தன. பெண்ணை எப்படியாவது சமாளிச்சுடலாம், பையனைத் தெருவில் விட முடியாது. அதனால் ஸ்கூல் முடிஞ்சதும் போய்ச் சேர்ற மாலை வகுப்பு, விளையாட்டு மையம்னு கிடைச்ச வசதியை எல்லாம் பையன் பக்கம் திருப்பினாங்க.

மேலே உட்கார்ந்து திட்டம் போடுறவங்களுக்குத் தெரியாத கணக்கு ஒவ்வொரு அம்மாவின் மண்டையிலும் ஓடிக்கிட்டு இருக்கு. எந்தப் பிள்ளைக்கு இப்போ ஆபத்து, எந்தப் பிள்ளை கொஞ்சம் தாங்கும்னு. நம்ம வீட்டிலும் ஓடியிருக்கும். 'தாங்கும்' என்ற லிஸ்டில் நீங்க இருந்திருந்தா எரிச்சலா இருந்திருக்கும், அது வேற விஷயம். (நான் அந்த லிஸ்டில் ரொம்ப நாள் இருந்தேன். எரிச்சல் இன்னும் போகலை.)

நியூ ஹோப் பணம் மூணு வருஷத்தில் நின்னுடுச்சு. ஐந்தாம் வருஷத்திலும் பிள்ளைகளின் வாசிப்பில் வித்தியாசம் தெரிஞ்சது. எட்டாம் வருஷத்தில் பெரும்பகுதி மங்கிப் போச்சு.

சரி, சின்னக் குழந்தைகள் கதை ஓரளவு சந்தோஷமாவே போகுது. இப்போ கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வருவோம். உங்க தம்பி தங்கச்சி வயசு. பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு.

கனடாவில் 1992-ல் இதே மாதிரி ஒரு சோதனை தொடங்கினாங்க. நியூ பிரன்ஸ்விக், பிரிட்டிஷ் கொலம்பியா என்ற ரெண்டு மாகாணங்களில். உதவித்தொகையை விட்டுட்டு வாரம் 30 மணி நேரம் வேலைக்குப் போற தனித் தாய்மார்களுக்கு மூணு வருஷம் வரை நல்ல கூடுதல் தொகை. சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்லதே செஞ்சது. ஆனா டீன் ஏஜ் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பதிலில் வேற கதை. சிகரெட், குடி, சின்னச் சின்னத் தப்புத்தண்டா எல்லாம் திட்டத்துக்கு வெளியே இருந்த பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஒரு இடத்தில் மட்டும்னா தற்செயல்னு விட்டுடலாம். 2002-ல், இந்த மாதிரிப் பல சோதனைகளை எல்லாம் ஒண்ணா அடுக்கி, டீன் ஏஜ் பிள்ளைகளை மட்டும் பார்த்து ஒரு தொகுப்பு வந்தது. அம்மாவை வேலைக்கு அனுப்பிய திட்டங்களில், பெரிய பிள்ளைகளின் படிப்பு சராசரியாகக் கொஞ்சம் சறுக்கியிருந்தது. ஒரே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தவங்களும் கூடுதல். சறுக்கல் பெரிசு இல்லை. ஆனா திரும்பத் திரும்ப வந்தது.

அந்தச் சறுக்கல் எந்த வீட்டில் அதிகம்னு பிரிச்சுப் பார்த்தாங்க. தம்பியோ தங்கச்சியோ இருக்கிற வீட்டில்!

இப்போ புரியுதா? சட்டம் போட்டவங்க அம்மாவை வீட்டிலிருந்து வெளியே எடுத்தாங்க. அவங்க இடம் காலியாவே இருக்குமா? சாயங்காலம் குட்டிப் பாப்பாவை யாராவது கூட்டிட்டு வரணும். பால் சூடு பண்ணணும். ஜுரம் வந்தா பக்கத்தில் உட்காரணும். டே கேர் உதவி கிடைச்ச வீட்டில் அதை டே கேர் செஞ்சது. மத்த வீட்டில், அம்மா ராத்திரி ஷிஃப்ட்டில் இருக்கும்போது, பதிமூணு வயசுப் பிள்ளை செஞ்சது. சட்டத்தில் அந்தப் பிள்ளையின் பேர் எங்கேயும் இல்லை. சம்பளமும் இல்லை.

இதுதான் காரணம்னு ஆராய்ச்சியாளர்கள் சத்தியம் பண்ணலை. பெரிய பிள்ளைகளைக் கண்காணிக்க ஆள் இல்லாததும் சேர்ந்திருக்கலாம்னும் சொல்றாங்க. எனக்கென்னவோ ரெண்டும் ஒரே விஷயம்தான். வீட்டில் ஒரு பெரியவங்களோட ரெண்டு மணி நேரம் குறையுது. அந்த ரெண்டு மணி நேரத்தை யாரோ ஒருத்தர் கொடுத்தே ஆகணும்.

இதுக்கு நேர்மாறான சம்பவம் ஒண்ணும் நடந்திருக்கு. அது நலத்திட்டம்கூட இல்லை, சூதாட்டம்! வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியில், டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேன் காஸ்டெல்லோ குழு 1993 முதல் 1,420 பிள்ளைகளின் மனநலத்தை வருஷா வருஷம் கவனிச்சுக்கிட்டு இருந்தது. அதில் கால்வாசிப் பேர் அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகள். நடுவுல, 1997-ல், செரோக்கி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் ஒரு கசினோ திறந்தாங்க. லாபத்தில் பங்கு, பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவை. நிபந்தனை எதுவும் இல்லை. 2001 வாக்கில் ஆளுக்கு ஏறக்குறைய 6,000 டாலர்.

2003-ல் முடிவு வெளிவந்தது. அந்தப் பணத்தால் வறுமையிலிருந்து மேலே வந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அடாவடி, எதிர்த்துப் பேசுறது, திருட்டு மாதிரியான பிரச்னைகள், எப்பவுமே ஏழையா இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கிடுச்சு. மனச்சோர்வு, பயம் இதிலெல்லாம் பெரிய மாற்றம் இல்லை. பணம் எப்படிப் பிள்ளையின் நடத்தைக்குள்ள போச்சு? துருவிப் பார்த்தப்போ முன்னால் வந்து நின்னது ஒரே ஒரு விஷயம். அந்த வீட்டுப் பெத்தவங்களுக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைச்சிருந்தது. பிள்ளை எங்கே போறான், யாரோட இருக்கான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அப்போ காசை அள்ளிக் கொடுத்தா எல்லாம் சரியாயிடுமான்னு கேட்பீங்க. அங்கேயும் ஒரு பிரேக் இருக்கு. 2018-ல் நியூயார்க், நியூ ஆர்லியன்ஸ், ஒமாஹா, மின்னியாபொலிஸ் பகுதிகளில் இன்னொரு குலுக்கல். குழந்தை பெத்த 1,000 ஏழை அம்மாக்கள். சிலருக்கு மாசம் 333 டாலர், மத்தவங்களுக்கு 20 டாலர். குழந்தைகளுக்கு நாலு வயசு ஆனதும் பார்த்த முடிவுகள் 2025-ல் வந்தன. பேச்சு, நடத்தை எதிலும் ரெண்டு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியலை. நடுவுல கொரோனா வந்து எல்லாருடைய வாழ்க்கையையும் புரட்டிப் போட்டதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். அந்த ஊர் வாடகைக்கு முன்னால் 333 டாலர் எந்த மூலைக்கு என்பதையும்தான். ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தப் பணத்தால் பிள்ளைகள் கெட்டும் போகலை. சோம்பேறித் தியரிக்காரங்க அதையும் குறிச்சுக்கணும்.

மின்னசோட்டா திட்டம் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. 1998-ல் மாநிலம் முழுக்க விரிவாக்கினாங்க. ஆனா சலுகையைக் கொஞ்சம் வெட்டி, 60 மாதக் கெடுவையும் சேர்த்து. பிள்ளைகளுக்கு நல்லது செஞ்ச பகுதியைக் குறைச்சு, செய்யாத பகுதியை வெச்சுக்கிட்டாங்க! அரசாங்கங்கள் எல்லா ஊரிலும் அரசாங்கங்கள்தான்.

மழை விட்டுச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம ஃபைனல் இயர்க்காரனிடம் கேட்டேன்.

"ஏன்டா தம்பி, உங்க எதிர் வீட்டுப் பையனுக்கு என்ன வயசு?"

"எட்டாவது படிக்கிறான்க்கா."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி. குட்டிப் பாப்பா. பால்வாடி போகுது."

"பால்வாடி எத்தனை மணிக்கு விடும்?"

"மூணரைக்கு..."

"அவன் ஸ்கூல்?"

பையன் டீ கிளாஸைக் கீழே வெச்சான். "நாலேகாலுக்கு" என்றான்.